முள் சரியா நிக்குதா?

"எதுவா இருந்தாலும் பதிவேட்டுல எழுதாம உள்ள போகாது சார்" என்று கேஜ் சோதனைக்கூடத்தின் பதிவேட்டு அம்மா பேனாவைத் திறந்தபோதுதான், பொட்டலத்தை இங்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று கேஜ்காரருக்கு உறைத்தது.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கேஜ்களைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அடுத்தவர் முள்ளையெல்லாம் நேராக்குகிறவருக்கு எட்டு மாதமாகத் தன்னுடையதே வளைந்து கிடந்தது. வலி வேறு. ஆணுறுப்புக்குள்ளே தழும்பு விழுந்து வளைக்கிறது, பெய்ரோனி நோய் என்றார் டாக்டர். காற்றை உறிஞ்சும் பம்ப்பு ஒன்றை வாங்கித் தினமும் போடச் சொன்னார். "கேஜ் இருக்கணும். காத்தைச் சட்டுனு விடுற வால்வு இருக்கணும். அழுத்தம் கூடினா இருக்கிறதும் கெட்டுடும்."

பேட்டரியில் ஓடுவது, கையால் அழுத்துவது, கேஜே இல்லாத மலிவு ரகம் என்று ஒரு மாதம் அலசிவிட்டுக் கைப்பம்ப்பை வாங்கினார். ஆனால் தான் சோதிக்காத கேஜை அவர் ஜென்மத்தில் நம்பியதில்லை; அதான் பொட்டலத்தோடு வேலைக்கு வந்துவிட்டார்.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் சீட்டைத் தலையணைக்கடியில் ஒளித்து, இடுப்பு வலி என்று கூடத்தில் படுக்கையைப் போட்டுக்கொண்டார். நான்காம் மாதம் அவள் கதவோரம் நின்று, "என்னைப் பிடிக்காமப் போச்சா?" என்றாள்.

"இடுப்புதான்."

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அந்த மௌனத்துக்குப் பக்கத்தில் இந்த வலியெல்லாம் ஒன்றுமேயில்லை.

"என்ன பம்ப்பு சார்?" பதிவேட்டு அம்மா எழுதக் காத்திருந்தாள்.

"அது... தாய்ப்பால் எடுக்கிறது."

"இவ்ளோ நீளமா?"

"புது மாடல்."

"யாருக்கு?"

"வீட்டுல."

பேனா நின்றது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் குழந்தையில்லாத வீடு. அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார். அது போதாதா? பத்தாவது நிமிஷம் ஃபிட்டர் வந்து கட்டிப் பிடித்தார். "ஊமைக் குசும்பன்ணே நீங்க!"

"வீட்டுல ரொம்பக் கூச்சப்படுவா, பேச்செடுக்காதீங்கப்பா" என்று சமாளித்தார். மேலாளர் உருகிப்போய் ஒரு வாரம் லீவு கொடுத்தார். "டாக்டர் இன்னும் நிச்சயமாச் சொல்லல சார்" என்று கேஜ்காரர் பின்வாங்கினார். தைரியம் சொல்லவென்றே எல்லோரும் சேர்ந்து ஒரு தொட்டில் வாங்கிவந்துவிட்டார்கள்.

தொட்டில் துணியில் மஞ்சள் வாத்துகள். கல்யாணமான புதிதில் அவளும் அவரும் ஒரு கடைக் கண்ணாடி வழியே பார்த்து, அப்புறம் வாங்கிக்கலாம் என்று விட்டதிலும் வாத்துகள்தான். கேஜ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதிவேட்டு அம்மா பம்ப்பில் ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்தாள். "முள் கரெக்டா நிக்குது சார். வீட்டுக்கும் ஃபோன் பண்ணி, பால் பம்ப்பைச் சோதிச்சிட்டிருக்கோம், வாழ்த்துகள்னு சொல்லிட்டேன்."

கூடத்துப் படுக்கை, இப்போது எங்கிருந்தோ ஒரு குழந்தை. வேறு ஒருத்தி என்றுதானே அவள் கணக்குப் போடுவாள்? இந்நேரம் பெட்டி கட்டியிருப்பாள்.

"என்ன... சொன்னா?"

"கேஜ் வெச்ச பம்ப்பான்னு கேட்டாங்க சார். அப்புறம் 'ஆமாம்மா, எனக்குத்தான், மூணு மாசம்'னாங்க. வைக்கப்போறப்ப மட்டும், 'கேஜை நல்லாப் பாத்துக் குடும்மா, அழுத்தம் கூடினா அவருக்கு ரொம்ப வலிக்கும்'னாங்க. பால் பம்ப்புன்னா உங்களுக்கு எதுக்கு சார் வலிக்குது?"