எட்டாம் பாகத்து இறக்கை

இந்த வீட்டில் இனிமேல் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று ஒரு நாள் காலையில் முடிவு செய்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. அதில் என் டிவி, என் நாற்காலி, என் துள்ளி. துள்ளி என்பது வீடியோ கேமில் வரும் ஆட்டுக்குட்டி. பலகைக்குப் பலகை தாவும், பள்ளத்தில் விழும், எழுந்து வந்து கடைசியில் கொடியைத் தொடும். இதுவரை எட்டு பாகம் வந்துவிட்டது. நான் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊரையே மேலே ஏற்றி இறக்குகிறவன், சாயங்காலம் ஒரு ஆட்டுக்குட்டியை ஏற்றி இறக்கினால் என்ன குற்றம்?

குற்றம்தான் என்றாள் மனைவி. அவள் தையல் வேலை செய்கிறவள். மெஷின் இருப்பது சமையலறை மூலையில். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் அவளைத் தேடி வந்திருந்தது. துணி வைக்கத் தனி அறை இருந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏங்க, அந்த ரூமைக் குடுத்துடுங்களேன்."

"அது என் உயிரு."

"எட்டு பாகத்துலயும் அது குதிக்கத்தானே செய்யுது?"

வந்ததே கோபம் எனக்கு! குதிக்கத்தான் செய்கிறதாம்! அவளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"அஞ்சாம் பாகம் வரைக்கும் தங்கம். ஆறுல அதுக்குத் தொப்பி மாட்டினான், குட்டிச்சுவரு. ஏழுல பேச விட்டான். ஆடு எங்கயாவது பேசுமா?"

"இங்க ஒண்ணு பேசுதே."

"எட்டு இருக்கே, அது மானக்கேடு! அஞ்சு தடவை பள்ளத்துல விழுந்தா, 'உதவி வேண்டுமா?'ன்னு கேக்குமாம். சரின்னு அமுக்கினா இறக்கை முளைச்சு நேரா கொடிக்கே பறந்துடுமாம். வீரனுக்கு எதுக்கு இறக்கை?"

"விளையாடிப் பாத்தீங்களா?"

"வாங்கி வெச்சிருக்கேன். கடைசி மூணையும் கையால தொட்டதில்ல."

"தொடாமலேயே இவ்வளவு தெரியுமா?"

"ஊசிப்போன குழம்பை வாயில ஊத்தித்தான் கண்டுபிடிக்கணுமா?"

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். பிறகு சாதுவாகச் சொன்னாள்: "சரி, ஒரு போட்டி வெப்போம். ஜெயிச்சவங்களுக்கு ரூம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கன்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடிக்கிறவள் அவள்! தானாக வந்து விழுகிற வெற்றியை யார் விடுவார்? விதியை நானே கம்பீரமாக அறிவித்தேன். "யாரோட ஆடு முதல்ல கொடியைத் தொடுதோ, அவங்களுக்கு ரூம்."

"எந்தப் பாகம்னு நான் சொல்லுவேன்."

"எதை வேணா சொல்லு. ஆடுறவனுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"எட்டு."

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரை நடுவராகக் கூப்பிட்டோம். டிவி இரண்டு பாதியாகப் பிரிந்தது. இடது பாதியில் என் ஆடு, வலது பாதியில் அவள் ஆடு.

ஆரம்பத்திலேயே எனக்குச் சனி பிடித்தது. பாவிகள், பட்டனையெல்லாம் மாற்றி வைத்திருக்கிறார்கள்! தாவு என்றால் உட்காருகிறது, நில் என்றால் ஓடுகிறது. இரண்டு முறை விழுந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அவள் நிலைமை இன்னும் மோசம். தாவவே இல்லை. நேராக நடந்து போய்ப் பள்ளத்தில் விழுகிறாள். எழுந்து வந்து மறுபடி விழுகிறாள்.

எனக்கே பாவமாகிவிட்டது. "ஏம்மா, தாவணும்மா!"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள், இன்னொரு தடவை விழுந்துகொண்டே.

அவள் பாதியில் மணி அடித்தது. 'உதவி வேண்டுமா?' அமுக்கிவிட்டாள். வெள்ளை வெளேரென்று இறக்கை முளைத்தது. அப்போதுதான் அவள் தந்திரம் எனக்கு உறைத்தது. அந்த அவசரத்தில் நானும் மளமளவென்று விழுந்தேன். என் பாதியிலும் அதே கேள்வி.

"சார், அமுக்குங்க சார்!" மருந்துக்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மாட்டேன்!"

"ரூம் போயிடும் சார்!"

"போகட்டும்! என் ஆடு பறக்காது!"

பறக்கவில்லைதான். அவள் ஆடு என் தலைக்கு மேலே ஆற அமரப் பறந்து போய்க் கொடியைத் தொட்டது.

"இது ஏமாத்து வேலை!" என்று கத்தினேன்.

"கொடியைத் தொடணும்னுதானே சொன்னீங்க? நடந்து தொடணும், பறந்து தொடக் கூடாதுன்னெல்லாம் சொல்லலையே?"

"தங்கச்சி சொல்றது நியாயம்தான் சார்," என்றார் நடுவர், என் கண்ணைப் பார்க்காமல்.

நாற்காலியை வெளியே தூக்கி வைத்தேன். மெஷினை உள்ளே தூக்கி வைத்தவனும் நான்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. டிவியையும் தூக்கப் போனேன்.

"பாவம், அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுங்க," என்றாள். என்ன இருந்தாலும் பெண்டாட்டி, மனசு இளகிவிட்டது என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது.

சீருடைகள் குறித்த நாளுக்கு முன்னாலேயே தைத்து முடிந்துவிட்டன. நேற்று சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பி, ஆசையாக அறைக்கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள். மெஷின் சத்தம் இல்லை.

"ஏம்மா, உள்ள என்ன பண்றே?"

"துணியை எடுத்துக் காயப் போடுங்க, ஏழாம் பாகத்தை முடிச்சிட்டு வந்துடறேன். நீங்க சொன்ன மாதிரியெல்லாம் இல்லைங்க, அது பேசுறது ரொம்ப நல்லா இருக்கு!"