சாவி கொடுக்கும்போது சொன்ன காரணம்

வல்லக்கோட்டை முருகன் துணை

சேரப்பணஞ்சேரி,
கிருத்திகை, வெள்ளிக்கிழமை

‘தொழில் நேயம்’ மாத இதழின் ஆசிரியர் உயர்திரு சுப்பராயன் ஐயா அவர்களுக்கு, சசிரேகா ராஜசேகர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரரும் மாடியில் வாடகைக்கு இருக்கும் எட்டுப் பெண்களும் முருகன் புண்ணியத்தில் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று காலை விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். இப்போது எழுத்தைக் கோப்பதில்லை, கம்ப்யூட்டர்தான் என்று அவர் சொல்கிறார். கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருடைய கட்டுரையைப் பிரசுரிக்கிறோம் என்று தாங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் சோறு வடித்தேன். அவர் வாலாஜாபாத் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மனிதவள மேலாண்மை நடத்துகிறவர். தொழிற்சாலைப் பிள்ளைகள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்று பதினோரு வருடமாக ஆராய்ச்சி. இந்த மாத முடிவுக்குள் ஒரு கட்டுரையாவது அச்சில் வராவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்தவர்கள் ஏன் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தவரையே போ என்றால் மனுஷன் எங்கே போவார்? அந்த நேரத்தில் தாங்கள் கை கொடுத்தீர்கள். அதற்கு முன் இரண்டு தடவை கட்டுரையைத் திருப்பி அனுப்பினீர்களே, நான் முக்கியமாக நன்றி சொல்ல நினைப்பது அதற்குத்தான்.

முதல் தடவை நடந்தது தங்களுக்குத் தெரியாது. முன்னூறு கேள்வித்தாள் அச்சடித்து, ஒரு கம்பெனி கேன்டீனில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். இதை நிரப்பினால் பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, ஒருத்தர் விடாமல் எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று போட்டுவிட்டார்கள். பாதித் தாளில் பிள்ளையார் சுழி. நாற்பது தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, நானே பிரித்து எண்ணினேன். நூற்றுக்கு நூறு பேரும் திருப்தி என்று இவரும் கட்டுரை எழுதி அனுப்பினார். ‘இவ்வளவு திருப்தியான ஊரில் பஸ் ஸ்டாப் நிறைய பெட்டியும் பையுமாக நிற்கிறவர்கள் யார்?’ என்று கேட்டுத் திருப்பினீர்கள். மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாம் தடவை ரோஷம் வந்து, ஒரகடத்தில் ஷிப்ட் விடும் நேரம் கம்பெனி கேட்டுக்கு வெளியே தாளும் பேனாவுமாக நின்றார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் எல்லப்பன் அவரைப் பிடித்துக்கொண்டான். “இன்னா சார், வயசான காலத்துல பொண்ணுங்க கையில பேப்பர் நீட்டிக்கினு கீற?” “நான் ஆராய்ச்சி பண்றேம்பா.” “அத்தான் எல்லாரும் சொல்றான். வூட்டு நம்பர் குடு, அம்மாகிட்ட நானே கேட்டுக்கறேன்.” போன் வந்தது. ஆமாம்பா, அவர் பதினோரு வருஷமா அதைத்தான் பண்றாரு என்று சொல்லி மீட்டேன். அன்றைக்குக் கிடைத்த பதினாறு தாளை வைத்து எழுதியதையும், ‘எண்கள் இருக்கின்றன, ஆட்களைக் காணோம்’ என்று திருப்பிவிட்டீர்கள்.

அந்த வரியை அவர் சத்தமாகப் படித்தபோது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆட்கள் என்னிடம் இருக்கிறார்களே என்று தோன்றியது. நான் எட்டாவதோடு நின்றவள். மீதியைப் பொட்டலம் கட்டி வந்த தாளிலும் பஞ்சாங்கத்திலும் படித்துக்கொண்டேன். ஆனால் நோட்டுப் போடுவதில் தப்பு வராது. மாடி அறைக்கு நான்கு வருடத்தில் வந்து போன பெண்கள் அறுபத்தொரு பேர், எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கம். பெயர், ஊர், வந்த தேதி, போன தேதி, கடைசிக் கட்டத்தில் காரணம். சாவியைக் கையில் தரும்போது ஏம்மா போறே என்று கேட்டு அப்போதே எழுதிவிடுவேன். அதில் நாற்பத்து நான்கு பேர் சொன்னது ஒரே காரணம்: தூக்கம் பத்தலை. அறையைக் காலி செய்கிறவள் வேலையையும் விட்டுவிட்டுத்தானே ஊருக்குப் போவாள்? அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சசி, பதினோரு வருஷமா நான் தேடினது இன்னாத்துக்கு அரிசி டப்பாவுக்குப் பின்னால கீது?” என்றார். கண் கலங்கியிருந்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாற்றுவதுதான் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுத்து வேலையை விட வைக்கிறது என்று மூன்றாவது கட்டுரையை எழுதினார். அதைத்தான் தாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

இதெல்லாம் என் சாமர்த்தியம் இல்லை ஐயா. விடியற்காலை நாலரை மணிக்கு, மாடிப்படியில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரில் ஒரு நாள் தவறாமல் முருகன் பாட்டுப் போட்ட பலன். பெற்றவர்களை விட்டு வந்த பிள்ளைகள், அவர்கள் காதிலும் நாலு நல்ல வார்த்தை விழட்டும் என்று சத்தத்தைக் கூட்டியே வைப்பேன். இதற்கென்று வாடகையில் ஒரு பைசா ஏற்றியதில்லை.

தங்கள் பேனாவுக்கு நீண்ட ஆயுளையும், தங்களுக்கு அதைவிட நீண்ட ஆயுளையும் வல்லக்கோட்டையான் அருளட்டும்.

என்றும் நன்றியுள்ள,
சசிரேகா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நாச்சியார் போன் செய்தாள். மூன்று வருடத்துக்கு முன் தை மாதம் அறையைக் காலி செய்தவள். என் நோட்டில் நாற்பத்து நான்கில் முதல் பெயர்.

“யக்கா, சார் எழுதுனது புஸ்தகத்துல வருதாம்லா! ஒங்க மாடியில இருக்க தங்கமாரி சொன்னா.”

“உனக்குத்தாம்மா நன்றி சொல்லணும். ஷிப்டால தூக்கம் பத்தலன்னு நீ சொன்னதுல இருந்துதான் ஆரம்பம். இப்ப ஊர்ல நல்லாத் தூங்கறியா?”

“ஊர்லயா? நான் சிங்கப்பெருமாள் கோவில்ல ரூம் எடுத்து இருக்கேன்க்கா. அதே கம்பெனி, அதே லைன், அதே ஷிப்டுதான். நாங்க ஒருத்தருமே வேலைய விடலியே.”

“அப்ப தூக்கம்?”

“வையக் கூடாது. செகண்ட் ஷிப்டு முடிஞ்சு வந்து கண்ண மூட ரெண்டு மணியாயிரும். நாலரைக்கு முருகன் வந்து எழுப்பிருவாரு. சாமி காரியத்தப் போயி எப்பிடிக்கா கொற சொல்ல? அதான் தூக்கம் பத்தலன்னு மட்டும் சொன்னோம்.”

போனை வைத்ததும் அவரிடம் சொன்னேன். கட்டுரையை அச்சிட வேண்டாம் என்று எழுதச் சொன்னவர் அவர்தான், வேலை போனாலும் பரவாயில்லையாம். மாதம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினால் பார்ப்பீர்களா என்று கேட்கச் சொன்னார். ஸ்பீக்கரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் பிள்ளைதானே.

ஒன்று மட்டும் தாங்கவில்லை. இருபத்து இரண்டு வருடமாக அந்தப் பாட்டுக்குத்தான் அவரும் எழுந்திருக்கிறார். “நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“எனக்கு யாரும் கேள்வித்தாள் குடுக்கலியே, சசி” என்றார்.