ஹார்லனுக்கு உடம்பு சரியில்லை

வியாழக்கிழமை காலை, உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியில் மூன்றாவது கரண்டியை விழுங்கும்போது, ஹார்லனைத் தீர்த்துக்கட்டுவது என்று டெல்மர் காஃப்மன் முடிவு செய்தார். வேறு வழி இல்லை. இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறான். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

டெல்மர் பொல்லாதவர் இல்லை. ஒஹாயோவில் கார்த் தகடு அடிக்கும் ஆலை ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தகட்டில் நெளிசல் இருக்கிறதா என்று சோதித்து ஓய்வு பெற்றவர். ஈ அடிப்பதற்கும் மனைவி வெர்னாவைக் கேட்பார். கொலைக்குத் துணிந்ததற்குக் காரணம், ஹார்லன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுதான். பிறக்காதவனைக் கொல்வது சட்டப்படி குற்றம் ஆகாது. வெர்னாவின் சட்டப்படி என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

மூன்று நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடித்த சோள வயல் சேறாகக் கிடந்தது. அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டேதான் வெர்னா பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்தச் சனிக்கிழமை நானும் வர்றேன்."

"எங்கே?"

"ஹார்லன் வீட்டுக்கு. ரெண்டு வருஷமா வாரம் தவறாம சமைச்சுக் கொட்டுறேன். அந்த மனுஷன் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது."

"மூஞ்சி நல்லாவே இருக்காது, வெர்னா."

"நான் பார்க்காத மூஞ்சியா? நாப்பது வருஷம் உன்னோட இருந்திருக்கேன். பாதிரியாரையும் கூட்டிட்டு வர்றேன்."

"பாதிரியார் எதுக்கு?"

"சாகக் கிடக்கிறவனுக்கு ஒரு ஜெபம் வேண்டாமா?"

டெல்மர் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் ஹார்லனின் விதி முடிந்தது.

ஹார்லன் உண்டான கதை இது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, காபி குடித்துக்கொண்டிருந்த டெல்மரின் இதயம் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் அதை மறுபடி ஓடவைத்து அனுப்பினார்கள். உப்பு கூடாது, வெண்ணெய் கூடாது, பன்றிக்கறி கூடாது, பரபரப்பு கூடவே கூடாது என்றார் டாக்டர். இதெல்லாம் போன பிறகு வாழ்க்கையில் மிச்சம் இருந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். டெல்மர் அதன் முன்னால் உட்கார்ந்தார். வெர்னா உப்பில்லாமல் வேகவைத்த மீனைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தள்ளிவைத்தார். வாரக்கணக்கில் இதுதான் நடந்தது. சாவதற்குப் பயமாக இருந்தது. இப்படி உட்கார்ந்திருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

அப்போதுதான் விதவை ஓபல் தன் கணவனின் பொருள்களை விற்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஏணி வாங்கலாம் என்று அவளுடைய பண்ணைக்குப் போனார். கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் நின்றது. நாலு டயரிலும் காற்று இல்லை, கூரை மேல் கோழி எச்சம்.

உள்ளே எட்டிப் பார்த்தார். ரேடியோ இல்லை. ஹீட்டர் இல்லை. பின் சீட் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கையால் தடவிப் பார்த்தார். ரேடியோவுக்குத் துளையே போடவில்லை. ஹீட்டர் குமிழுக்கும் துளை இல்லை. பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் காந்தத்தை எடுத்து முன்பக்கத் தகட்டில் வைத்தார். ஒட்டாமல் காலடியில் விழுந்தது. அலுமினியம். கனம் குறைக்க, தொழிற்சாலையே தேவையில்லாததையெல்லாம் விட்டுவிட்டுப் பந்தயத்துக்கென்று கட்டிய கார். மொத்தமே நூறுகூடக் கட்டவில்லை என்பார்கள். டெல்மர் காந்தத்தைக் குனிந்து எடுத்து இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். டாக்டர் கூடாது என்று சொன்ன பரபரப்பு அதுதான்.

இருபத்திரண்டு வயதில் இப்படி ஒரு காரை அவர் பார்த்திருக்கிறார். ஊருக்கு வெளியே கால் மைல் நேர்ப்பாதை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். பன்னிரண்டு பதின்மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். டெல்மர் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே போகும் நாள் வரும் என்று நினைத்தார். கல்யாணம் வந்தது, வேலை வந்தது, முதுகுவலி வந்தது. அந்த நாள் வரவில்லை. ஒரே ஒரு தடவை, கால் மைல், தன் கையால் ஓட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு இதயம் எக்கேடு கெட்டாலும் சரி.

"கொடுக்கிறேன்" என்றாள் ஓபல். "ஆனா ஆம்பளை பேருக்கு எழுத மாட்டேன்."

"ஏன்?"

"என் மெர்ல் இதைப் புதுசா வாங்கி ரெண்டு கோடை ஓட்டினார். அப்புறம் இங்கே நிறுத்திட்டு, தினமும் சாயங்காலம் வந்து இதுக்குள்ளே உட்கார்ந்துக்குவார். முப்பத்தேழு வருஷம் அவர் இதுல உட்கார்ந்தார், நான் வீட்டுல தனியா உட்கார்ந்தேன். கடைசியில இதுக்குள்ளேயேதான் போனார். இனி இது ஒரு பொம்பளை பேர்லதான் இருக்கணும். உன் பெண்டாட்டி பேரைச் சொல்லு."

டெல்மர் சொன்னார். காகிதம் வெர்னா பேரில், சாவி தன் பையில்; இதைவிடப் பாதுகாப்பு எது என்று தோன்றியது. மீன்பிடிக்கும் படகை விற்றுக் காரை வாங்கி, அதே கொட்டகையிலேயே வைத்துப் பழுதுபார்க்கவும் ஓபலிடம் அனுமதி பெற்றார். வீட்டுக்கு வந்து, வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னார்.

"என்னோட வேலை பார்த்த ஹார்லனுக்கு ரொம்ப உடம்பு சரியில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்னு இருக்கேன்."

"ஐயோ பாவம்" என்றாள் வெர்னா. "வெறுங்கையோடவா போவே?"

அடுத்த சனிக்கிழமை மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒன்று அவர் மடியில் ஏறியது. அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டையில் வெர்னாவின் பெயர். உள்ளே முட்டைக்கோஸும் பீன்ஸும், உப்பில்லாமல்.

"ஹார்லனுக்கு உப்பு ஆகுமே."

"நோயாளிக்கு யாராவது உப்பு போடுவாங்களா?"

ஹீட்டர் இல்லாத காருக்குப் பக்கத்தில், ஹீட்டர் இல்லாத கொட்டகையில், ஜனவரிக் குளிரில் எட்டு மணி நேரம் துரு சுரண்டினால் முட்டைக்கோஸும் அமிர்தம்தான். வழித்துச் சாப்பிட்டார். கைகழுவ வைத்திருந்த ஆரஞ்சு மணச் சொரசொரப்புச் சோப்பாலேயே பாத்திரத்தையும் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு நன்றிச் சீட்டுகூட இல்லையா?" என்றாள் வெர்னா, பாத்திரத்தை மோந்துகொண்டே. "அந்த வீட்டுல யாருக்கும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா?"

அடுத்த வாரத்திலிருந்து ஹார்லனுக்கு ஒரு தங்கை உண்டானாள். டெல்மர் இடது கையால் அவளுடைய சீட்டுகளை எழுதினார். 'மிக்க நன்றி. அண்ணன் விரும்பிச் சாப்பிட்டார். கொஞ்சம் வெண்ணெய் சேர்த்தால் இன்னும் விரும்புவார்.' வெர்னா சீட்டுகளையெல்லாம் குளிர்பெட்டியின் கதவில் வரிசையாக ஒட்டிவைத்தாள். வெண்ணெய் மட்டும் சேர்க்கவில்லை.

கார் எழுந்தது. மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒருநாள் அலுப்பில் முழங்கையை ஊன்றிவிட்டு, அந்தப் பள்ளத்தை நிமிர்த்த ஆறு சனிக்கிழமை செலவழித்தார். இந்தக் கோடையில் என்ஜின் ஓடியது. அப்போதிலிருந்து ஒரு விநோதக் கோளாறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்தால் ஓட்டுநர் சீட் இரண்டு பல் முன்னால் நகர்ந்திருந்தது. சீட் நகரும் தண்டவாளத்தின் ஸ்பிரிங் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். மறுபடி நகர்ந்தது. மறுபடி மாற்றினார். தானே நகர்த்திவிட்டு மறந்துவிடுகிறோமோ, நினைவும் தேய்கிறதோ என்று பயந்தார்.

இதற்கிடையில் ஹார்லன் வளர்ந்துகொண்டே போனான். வெர்னா கேட்கக் கேட்க, அவனுக்கு நுரையீரல் நோய் வந்தது, ஓடிப்போன மனைவி வந்தாள், ஒரு கிழட்டு நாய் வந்தது. அவனுக்கு உலகத்தில் டெல்மரை விட்டால் வேறு யாரும் இல்லை. டெல்மருக்கும், யோசித்துப் பார்த்தால், ஆலைச் சிநேகிதர்களெல்லாம் போய்விட்ட பிறகு, ஹார்லனை விட்டால் வேறு யாரும் இல்லை.

அதனால்தான் அன்று மாலை கொலையைச் சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்தது. வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் நடக்கும் இதயப் பயிற்சி வகுப்பிலிருந்து வந்ததும் சொன்னார்.

"வெர்னா, ஹார்லன் போயிட்டான்."

"எப்போ?"

"மத்தியானம். தூக்கத்திலேயே."

"நாய்?"

டெல்மர் நாயை மறந்துபோயிருந்தார். "தங்கச்சி கூட்டிட்டுப் போயிட்டா. சனிக்கிழமை அடக்கம். இண்டியானாவுல. சொந்தக்காரங்க மட்டும்தான். பாதிரியாரெல்லாம் வேண்டாம்."

 வெர்னா எழுந்து போய் அவருடைய கறுப்பு சூட்டை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவர் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை பழைய கார்களுக்கான பந்தய நாள், அன்று தானும் ஓட்டப்போகிறோம் என்ற சந்தோஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மழை நின்றிருந்தது. வானம் மட்டும் தெளியவில்லை. கறுப்பு சூட், கறுப்பு டை, கையில் ஹெல்மெட்டுடன் டெல்மர் பந்தயத் திடலின் பரிசோதனை மேஜை முன் நின்றார். வரிசையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் காரைச் சுற்றிவந்து, காந்தம் வைத்துப் பார்த்து, துளையில்லாத இடங்களைத் தடவிப் பார்த்து, பெருமூச்சு விட்டார். பிறகு காகிதத்தைப் படித்தார்.

"சொந்தக்காரர் வெர்னா காஃப்மன். அது நீங்களா?"

"என் மனைவி."

"சொந்தக்காரர் ஓட்டணும், இல்லேன்னா அவங்க கையெழுத்து போட்டுக் கொடுக்கணும்."

"அவ வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வர முடியாது. ஒரு துக்கம்…"

"உங்களுக்குப் பின்னாடி நிக்கிறது யாரு?"

டெல்மர் திரும்பினார். வெர்னா. துக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு, அதற்கு அடியில் இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியபோது போட்ட பழைய கால்சட்டை, ஒரு கையில் மூடி போட்ட பாத்திரம், இன்னொரு கையில் ஓபலின் கணவர் மெர்லுடைய பழைய ஹெல்மெட். பக்கத்தில் மடக்கு நாற்காலியுடன் ஓபல்.

"அடக்கம் எத்தனை மணிக்கு, டெல்மர்?"

டெல்மர் ஹெல்மெட்டை மேஜை மேல் வைத்தார்.

"உனக்கு எப்போ தெரிஞ்சது?" என்றார்.

"முதல் பாத்திரத்திலேயே. எந்த நோயாளி வீட்டுலய்யா மெக்கானிக் சோப்பு போட்டுப் பாத்திரம் கழுவுவாங்க? கொஞ்சம் விசாரிச்சேன். ஓபல் சொன்னா."

"பின்னே ஏன் கேட்கலே?"

"கேட்டிருந்தா நீ பீன்ஸ் சாப்பிட்டிருப்பியா? வீட்டுல தள்ளிவைச்சதையெல்லாம் கொட்டகையில வழிச்சு நக்கினே. டாக்டர் போன மாசம் உன் ரத்தத்தைப் பார்த்துட்டு, இவ்வளவு நல்லா இருக்கே, இது யாரோடதுன்னு கேட்டார்."

டெல்மரின் கண் காரின் சீட் பக்கம் போனது. காலையிலும் அதை இரண்டு பல் பின்னால் தள்ளித்தான் ஏறியிருந்தார்.

"வியாழக்கிழமை…" என்றார்.

"நீ ஆஸ்பத்திரியில குனிஞ்சு நிமிர்ற நேரம், நான் ஓபல்கிட்ட இருந்த மாற்றுச் சாவியோட அவ வயல் பாதையில கியர் மாத்திப் பழகினேன். அந்த ஸ்பிரிங்கை ஏன்தான் மாத்தி மாத்திப் போட்டியோ, நகர்த்தவே கஷ்டமா இருந்தது."

"வெர்னா, கையெழுத்து போடு. ஒரே ஒரு தடவை. நாப்பத்தொரு வருஷமா…"

வெர்னாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னைக்கு உன் இதயம் நின்னப்போ ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஆறு நிமிஷம் உன் நெஞ்சை அமுக்கிட்டிருந்தது நான். உனக்கு அது ஞாபகம் இல்லே. எனக்கு இருக்கு. பொய்ச் சாவுக்கு இந்தக் கோட்டைப் போட்டுக்கிறேன். நிஜத்துக்குப் போட மாட்டேன். சாவியைக் கொடு."

டெல்மர் கொடுத்தார். அவர் உள்ளங்கை வியர்த்திருந்தது. அவள் சாவியைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். பிறகு பாத்திரத்தை அவர் கையில் திணித்தாள்.

"இது என்ன?"

"உருளைக்கிழங்கு. உப்பு, சீஸ், வெண்ணெய் எல்லாம் போட்டது. ஹார்லன்தான் செத்துட்டானே. இன்னைக்கு ஒரு நாள் சாப்பிடு."

அவர் வேலிக்கு வெளியே, ஓபலின் நாற்காலி பக்கத்தில் நின்றார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் நின்ற அதே இடம். கம்பி மட்டும் புதிது. பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளைக் கார் முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அவர் நிமிர்த்திய தகடு, அவர் கழுவிய கார்புரேட்டர், அவர் மாற்றிய ஸ்பிரிங், எல்லாம் அவர் இல்லாமல் போயின. பதின்மூன்று விநாடி. டெல்மர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அது ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷமாக ஏங்கிய உப்பு இன்று கரித்தது. கண்ணீர் அதில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவில்லை.

வெர்னா நடந்து வந்தாள். தலைமுடி ஹெல்மெட்டில் நசுங்கியிருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. நாற்பது வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார். கோபித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தவருக்கு மனம் வரவில்லை.

"எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"தூங்கி எழுந்த மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

டெல்மர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமையும் திடல் திறந்திருக்குமாம். மெதுவா, ரொம்ப மெதுவா, நான் ஒரு தடவை…"

வெர்னா சாவியைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

"அடுத்த சனிக்கிழமை முடியாது, டெல்மர். என் சிநேகிதி ஒருத்திக்கு ரொம்ப உடம்பு சரியில்லை, போய்ப் பார்க்கணும். நீ ஏதாவது சமைச்சுக் கொடு. அவளுக்கு உப்பு ஆகும்."