சுண்டலுக்கு ஓர் அடையாள அட்டை

லேமினேட் செய்யாத எதையும் நம்பாத ஒரே மனிதர் இந்தச் சென்னையிலேயே எங்கள் அபிராமபுரத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான். ரேஷன் கார்டு, ஆதார் என்றால் எவரும் செய்வார்கள். இவர் மின்தடை அறிவிப்பை லேமினேட் செய்தார். ஒருமுறை கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலத்தையே மெஷினுக்குள் தள்ளிவிட்டார். விபூதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, யாரும் இட்டுக்கொள்ள முடியாது. தெருவில் அவருக்குப் பெயரே லேமினேஷன். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, நான் கேட்டதில்லை.

மனைவி போன பிறகு அவருக்கு ஒரு படபடப்பு வந்தது. கூட்டத்தில் நின்றால் வியர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும், பாதி வரிசையில் ஓடி வந்துவிடுவார். இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் பயப்படுகிறது என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது சுண்டல். அது அவர் கடைப் படியில் படுத்துக் கிடந்த தெரு நாய். ஒருநாள் அவர் ரேஷன் கடைக்குப் போனபோது கூடவே போய், வரிசையில் அவர் காலில் சாய்ந்து நின்றதாம், படபடப்பு அப்படியே அடங்கிவிட்டதாம். அன்றிலிருந்து லேமினேஷன் போகுமிடமெல்லாம் சுண்டலும் போனது.

ஆனால் யார் உள்ளே விடுகிறார்கள்? போன இடமெல்லாம் துரத்தினார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் நகலெடுக்க ஒரு கட்டுரையைக் கொண்டுவந்தார். கைக்கு வரும் காகிதத்தையெல்லாம் படித்துவிடுவது இவர் வழக்கம். என் ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு முன்னால் படித்து, ஸ்வீட்டை நிறுத்தச் சொன்னவர் இவர்தான். பழக்கிய நாய்கள் எஜமானருக்கு உதவியாக எங்கேயும் போகலாம் என்று அந்தக் கட்டுரையில் இருந்திருக்கிறது. மறுநாள் காலை சுண்டலின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. நீலப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. 'சேவை நாய். பணியில் உள்ளது. தடுக்காதீர்.' கீழே கடை முத்திரை.

பளபளவென்று ஓர் அட்டையைக் காட்டினால் எதிர்த்துக் கேட்க நம் ஊரில் ஆள் கிடையாது. ஷேர் ஆட்டோக்காரர் சுண்டலுக்குக் காற்று வரும் ஓரத்து சீட்டைக் கொடுத்து, என்னை அதன் பக்கத்தில் நெருக்கி உட்கார வைத்தார். எனக்கோ சின்ன வயதிலிருந்தே நாயென்றால் கிலி. பாண்டி பஜார் வரை மூச்சுவிடாமல் போனேன். மயிலாப்பூர் சபாவில் கச்சேரி முழுக்க சுண்டல் அவர் காலடியில் தூங்கியது. வெளியேற்ற வந்தவரைப் பக்கத்து சீட் மாமி தடுத்துவிட்டார். "அது பாட்டுக்குத் தூங்கிண்டிருக்கு. அங்க ஒருத்தர் போன்ல பேசிண்டே இருக்கார், அவரை முதல்ல அனுப்புங்கோ."

பேங்கில்தான் மாட்டிக்கொண்டார்கள். பாஸ்புக் வரிசையில் இவர் நிற்க, சுண்டல் நைசாக மேனேஜர் அறைக்குள் நுழைந்து அவருடைய தயிர்சாதத்தை டப்பா பளிச்சென்று ஆகும்வரை வழித்துவிட்டது. பணியில் உள்ள நாய் அப்படிச் செய்யாது என்பது மேனேஜருக்குத் தெரியாதா? இனி அட்டை போட்டிருந்தாலும் சரி, எந்த நாயும் உள்ளே வரக்கூடாது என்று செக்யூரிட்டிக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் நானும் லேமினேஷனும் பேங்குக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தோம், காலடியில் சுண்டல். அப்போது கண் தெரியாத ஒரு டீச்சர் பேங்க் வாசலில் வந்து நின்றார். கூடவே ஒரு லேப்ரடார். அதன் முதுகுப் பட்டையில் இருந்த கைப்பிடியைப் பிடித்துத்தான் அவர் நடந்து வந்தார். படியருகே அதுவாக நின்றது, அவர் கால் வைத்த பிறகு ஏறியது. செக்யூரிட்டி மறித்தார்.

"இந்த அட்டை, பட்டை எல்லாம் பாத்தாச்சு மேடம். நாயை வெளிய கட்டிட்டு வாங்க."

"இவனை வெளிய கட்டிட்டா நான் எப்படிங்க உள்ள நடக்கறது? இவன்தான் எனக்குக் கண்ணு" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை. நல்ல வெயில், அங்கேயே நின்றார்.

லேமினேஷனின் முகம் செத்துவிட்டது. "இது என்னால வந்த வினை சார்" என்று முணுமுணுத்தவர், சுண்டலின் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு ரோட்டைக் கடந்து பேங்குக்குள் போனார். தனியாக! நாய் பயமெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. மனிதர் உள்ளே விழுந்துவிடப் போகிறாரே என்று சுண்டலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

உள்ளே சட்டை தொப்பலாக நனைந்து, கவுன்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த அட்டை எவனும் குடுத்தது இல்ல சார், நானே என் கடையில அடிச்சது. சுண்டல் பக்கத்துல இருந்தா எனக்கு தைரியமா கீது, அவ்ளோதான். அந்தம்மா நாய் அப்படி இல்ல சார், அது படிச்சுட்டு வந்து டூட்டி பாக்குது. என் மேல கீற கோவத்துல அதை நிறுத்தாத சார்."

மேனேஜர் எழுந்து வாசலுக்கே வந்து டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே அழைத்துப் போனார். சுண்டல் வாலை ஆட்டிப் பார்த்தது. லேப்ரடார் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது.

கடைக்கு வந்ததும் லேமினேஷன் கத்திரிக்கோலை எடுத்து சுண்டலின் அட்டையை இரண்டாக வெட்டினார். லேமினேட் செய்த ஒன்றை அவர் வெட்டி நான் பார்த்தது அன்றுதான். இனிமேல் பேங்குக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் சுண்டலின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது அவர் பேங்குக்குப் போகும் நாளில் நானும் போகிறேன். சுண்டல் வாசலில் செக்யூரிட்டியோடு உட்கார்ந்திருக்கும். நான் வரிசையில் அவர் தோளோடு தோள் இடிக்க நிற்பேன், மூச்சு முட்டினால் என் மேல் கொஞ்சம் சாய்ந்துகொள்வார். முதல் தடவை போய்வந்த மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, இன்னும் சூடு ஆறாத ஓர் அட்டையைக் கையில் வைத்தார். எப்போதோ நான் கடையில் விட்டுப்போன பாஸ்போர்ட் போட்டோ. கீழே, 'பணியில் உள்ளார். தடுக்காதீர்.' கடை முத்திரையும் உண்டு.

அதை இதுவரை யாரிடமும் காட்டியதில்லை. ஆனால் சட்டை மாற்றும்போதெல்லாம் போட்டுக்கொள்ளும் சட்டையின் பையில் முதலில் போவது அதுதான்.