ஊருக்கொரு குழி

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் இருந்த குழி மாநில அரசுக்குச் சொந்தமானது. இதை முதலிலேயே பணிவோடு தெரிவித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்த ஊர்க்காரர்கள் வெகுகாலமாக அதைத் தங்கள் சொந்தக் குழி என்று நினைத்துக்கொண்டு, முழு உரிமையோடு அதில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தையல் கடை வைத்திருந்து, தேர்தலில் நின்று, யாருமே எதிர்பார்க்காமல் ஜெயித்து நகராட்சித் தலைவியானவளுக்கே அது தெரியாது. கிழிந்தால் தைக்க வேண்டும், குழி விழுந்தால் மூட வேண்டும். அவள் அறிந்த நிர்வாகம் அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் உத்தரவாக, "அந்தக் குழியை மூடுங்க" என்றாள். நகராட்சிப் பொறியாளர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முடியாதுங்கம்மா. தரைக்கு மேலே இருக்கிறது நகராட்சியோடது. தரைக்குக் கீழே இருக்கிறது மாநில அரசோடது. சட்டம் அப்படி."

"சரி. குழி?"

"குழி தரைக்குக் கீழேதானே இருக்கு?"

"அதுக்குள்ள மண்ணைக் கொட்டுங்கன்னுதானே சொல்றேன்?"

"கொட்டினா குழி இல்லாமப் போயிடுமே! அரசாங்கச் சொத்தை அழிச்ச குற்றம். உங்களோட சேர்த்து என்னையும் உள்ளே வைப்பாங்க."

தலைவிக்குப் பொதுநல அக்கறை நிறையவே உண்டு. இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அப்போது அவளை விரட்டியது சொந்தக் கவலை. மகள் நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் குழிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அதற்கப்புறம் மாப்பிள்ளைதான் தூக்கிக்கொண்டு தாண்ட வேண்டும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, வேலைதான் இன்னும் அமையவில்லை. ஆனால் கேஸ் சிலிண்டரை நகர்த்தச் சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற ஜாதி.

சட்டம் தடுக்கிறது என்றால் சட்டத்தை மாற்ற வேண்டியதுதான் என்று தொகுதி உறுப்பினர் வீட்டுக்கு நடையாய் நடந்தாள். அவர் எல்லாருக்கும் அண்ணன். கேட்டதற்கெல்லாம் "செஞ்சிடலாம்மா" என்பார், அதனாலேயே ஊரில் அவருக்கு 'செஞ்சிடலாம்' என்று பெயர். இவள் தொல்லை தாங்காமல் இந்தத் தடவை நிஜமாகவே செய்துவிட்டார். மந்திரியைப் பிடித்து, 'குழிகளை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கும் சட்டமுன்வடிவு' என்ற ஒன்றைச் சபைக்குக் கொண்டுவர வைத்தார். பெயரைக் கேட்டதும் தலைவிக்குப் புல்லரித்துப்போய்விட்டது. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு சட்டசபை பார்க்கக் கிளம்பினாள்.

பார்வையாளர் மாடத்து வாசலில் ஒரு காவலர் கைப்பையையும் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"உள்ளே கை தட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, தலையை ஆட்டக்கூடாதுக்கா."

"தலையைக் கூடவா?"

"ஆட்டினா அது கருத்து. கருத்து சொல்றதுக்குத்தான் கீழே ஆள் போட்டிருக்கே."

"எல்லாரும் அசையாம உட்கார்ந்திருக்காங்களே, எப்படி முடியுது?"

"கொஞ்ச நேரம் கேட்டீங்கன்னா தன்னால மரத்துடும்க்கா."

மந்திரி எழுந்தார். தமக்குப் பேச வாய்ப்பளித்த முதல்வரைப் பாராட்டினார். முதல்வரை ஈன்றெடுத்த அன்னையைப் பாராட்டினார். பேச்சு சாப்பாட்டு நேரத்தைத் தொட்டபோதுதான் குழி என்ற சொல் முதன்முதலாகக் காதில் விழுந்தது. தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எதிர்க்கட்சித் தலைவர் துள்ளி எழுந்தார். "இந்தக் குழி யார் ஆட்சியில் வந்தது? சபைக்குச் சொல்ல முடியுமா?"

'அப்படிக் கேளுங்கய்யா, நாலு போடு போடுங்க' என்று தலைவி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எங்கள் ஆட்சியில் வந்தது!" என்று அவரே ஒரே போடாகப் போட்டார். "நாங்கள் தோண்டிய குழிக்கு நீங்கள் பெயர் வாங்கப் பார்க்கிறீர்கள்!"

"நீங்கள் கணுக்கால் அளவுக்குத் தோண்டிப் பாதியில் போட்டுவிட்டுப் போனீர்கள்," என்றார் மந்திரி. "அதை இடுப்பளவுக்குக் கொண்டுவந்தது யார்? இந்த அரசு!"

மேசைகள் அதிர்ந்தன. கூச்சல் கூரையைப் பிய்த்தது. எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்து வெளியே போனது.

"ஐயோ, எங்க போறாங்க?" என்று பதறினாள் தலைவி.

"கேன்டீனுக்குத்தான்க்கா. டீ குடிச்சதும் வந்துடுவாங்க," என்றார் பின்னால் நின்ற காவலர்.

அந்த அமளிக்கு நடுவே வெளியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. எந்த ஊர்க்காரர்களோ தண்ணீர் வரவில்லை என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சபாநாயகர் முகம் சுளித்தார். "அந்த ஜன்னல்களைச் சாத்துங்கள். மக்கள் பிரச்சினையைப் பேசும்போது வெளிச்சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது." சாத்தினார்கள். ஜனநாயகம் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது.

இதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டது அதற்குப் பிறகுதான். கடைசி வரிசையில் அதுவரை கண்மூடித் தியானத்தில் இருந்த ஒரு உறுப்பினர், ஜன்னல் சாத்தின சத்தத்தில் விழித்துக்கொண்டார். விழித்த வேகத்தில் பேச வாய்ப்புக் கேட்டார்.

"குழியை மூடும் அதிகாரத்தை ஊர்களுக்குத் தருகிறீர்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் என் ஊரில் ஒரு குழிகூட இல்லை. அப்படியானால் எங்கள் மக்களுக்கு இந்த அதிகாரம் கிடையாதா? குழி உள்ளவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதியா? எங்கள் ஊர் என்ன பாவம் செய்தது?"

இப்படி ஒரு கோணம் இருப்பது யாருக்குமே தோன்றவில்லை. கேன்டீனுக்குச் செய்தி போய், எதிர்க்கட்சி பாதி டீயோடு ஓடிவந்தது. "எங்கள் ஊரிலும் குழி இல்லை!" "எங்கள் ஊரை வேண்டுமென்றே குழியில்லாமல் வைத்திருக்கிறார்கள்!" "ஓரவஞ்சனை!" ஆளும் கட்சியிலேயே சிலர் கண் கலங்கினார்கள். மந்திரி முதல்வரைப் பார்த்தார். முதல்வர் கண்ணைச் சிமிட்டினார்.

"உறுப்பினர்களின் உணர்வை அரசு மதிக்கிறது," என்றார் மந்திரி. "குழி இல்லாத ஊர்களுக்கு அரசே குழி தோண்டித் தரும்."

கரவொலி அடங்கச் சிறிது நேரம் பிடித்தது. அதற்குள் இன்னொருவர் எழுந்தார். "எங்கள் குழி வருவதற்குள் மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் குழியை மூடிக்கொண்டால்? நாங்கள் பின்தங்கிவிட மாட்டோமா?" நியாயம்தானே! ஆகவே, எல்லா ஊருக்கும் குழி வந்து சேரும் வரை எந்த ஊரும் தன் குழியை மூடக்கூடாது என்று ஒரு திருத்தம் சேர்ந்தது. புதுக் குழியில் யாராவது விழுந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்க, குழிக்கு ஒரு விளக்கு, ஒரு வேலி, ஒரு காவலாளி என்று இன்னொரு திருத்தமும் சேர்ந்தது.

"ஆம் என்போர் ஆம் என்க," என்றார் சபாநாயகர்.

கட்டடம் ஆடியது. 'செஞ்சிடலாம்' அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

"இல்லை என்போர் இல்லை என்க."

நிசப்தம். தலைவிக்கு அந்தச் சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். வாயை அடக்கியவளால் கழுத்தை அடக்க முடியவில்லை.

"ஆட்டிட்டீங்களேக்கா," என்றார் காவலர், நிஜமான வருத்தத்தோடு. "எழுந்திருங்க, போகலாம்."

வெளியே வராந்தாவில் அண்ணன் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "தங்கச்சி! ஜெயிச்சுட்டோம்!"

"என்னத்தண்ணே ஜெயிச்சோம்? நான் குழியை மூடத்தானே கேட்டேன்?"

"மூடுற அதிகாரத்தை வாங்கிக் குடுத்துட்டேன்ல?"

"எப்ப மூடலாம்?"

"எல்லா ஊர்லயும் தோண்டினப்புறம்."

"என் பொண்ணுக்கு இந்த மாசம் பிரசவம்ணே!"

"சமத்துவம்னா கொஞ்சம் பொறுத்துத்தான் ஆகணும்மா," என்றார் அவர். சொல்லும்போது அவர் குரல்கூடத் தழுதழுத்தது.

ஊர் திரும்பினால் அங்கே வேறு கூத்து. மற்ற ஊர்களில் குழி தோண்டுவதற்கு அளவு வேண்டுமே? ஆஸ்பத்திரி வாசல் குழி மாதிரிக் குழியாக அறிவிக்கப்பட்டிருந்தது. எங்கெங்கிருந்தோ அதிகாரிகள் வந்து இறங்கினார்கள், அளந்தார்கள், படமெடுத்தார்கள், "இந்த ஓரம் எவ்வளவு இயற்கையா அமைஞ்சிருக்கு பாருங்க" என்று மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். காதலர்கள் குழியோரம் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதுவரை குழியைத் திட்டாத நாளில்லாத மருந்துக்கடைக்காரர், தன் கடைக்கு 'மாதிரிக் குழி மெடிக்கல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

மாதிரிக் குழியை மந்திரி தொடங்கிவைக்க வந்தார். ஏற்கெனவே இருக்கிற குழியை எப்படித் தொடங்குவது என்று கேட்காதீர்கள். அவர்களுக்குத் தெரியும். குழியின் மேலேயே பலகை அடித்து மேடை போட்டு, ரிப்பன் கட்டியிருந்தார்கள். மந்திரி மைக்கைப் பிடித்த நேரம் பார்த்துத் தலைவியின் மகளுக்கு வலி எடுத்தது.

ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்று அலறியது. மாப்பிள்ளை ஒரு கை, ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு கை, மருந்துக்கடைக்காரர் காலைப் பிடித்துக்கொள்ள, மகளைத் தூக்கிக்கொண்டு வேறு வழியில்லாமல் மேடைமேலேயே ஏறினார்கள். தலைவி மேடை நாற்காலியிலிருந்து பாய்ந்து வந்து மகள் தலையைத் தாங்கிக்கொண்டாள். மந்திரி ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"இதோ, நமது திட்டத்தின் முதல் பயனாளி!" என்று பூங்கொத்தை மகள் கையில் திணித்தார்.

மகள் அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் அலறினாள். கோஷம் என்று நினைத்துக் கூட்டமும் கூடவே கத்தியது.

நல்லவேளை, பேத்தி ஆஸ்பத்திரிக்குள்தான் பிறந்தாள். தாயும் சேயும் நலம். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துக் கட்டிலோரம் உட்கார்ந்து தலைவி அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. மேடை மட்டும் அன்றைக்கு இல்லாதிருந்தால்? எதிர்வீட்டு டீச்சர் குழந்தையைப் பார்க்க வந்தாள். அவளும் வாயும் வயிறுமாக இருந்தாள்.

"எனக்கு நேரம் வர்றதுக்குள்ள அந்தக் குழியை மூடிடுவீங்களாக்கா? ஒவ்வொரு தடவையும் அங்க மேடை இருக்காதே."

"என் பேத்திமேல சத்தியம்மா. அதிகாரம் கைக்கு வந்த அன்னைக்கே மூடுறேன்." சத்தியமாக, மனசாரத்தான் சொன்னாள்.

மேடையைப் பிரித்துக்கொண்டு போனார்கள். சட்டப்படி விளக்கு வந்தது. அந்தத் தெருவில் ஒரு விளக்கு எரிவது அதுவே முதல் தடவை. வேலி வந்தது. காவலாளி வேலைக்கு யாரைப் போடுவது என்று வந்தபோது, "செஞ்சிடலாம்மா" என்று அண்ணன் மாப்பிள்ளை பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நாற்காலியில் உட்கார்ந்து குழியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை மாப்பிள்ளையின் இடுப்புக்கு வெகுவாக ஒத்துக்கொண்டது. முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. மகள் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மாநிலமெங்கும் தோண்டி முடித்தார்கள். அதிகாரம் வந்து சேர்ந்துவிட்டது என்று உத்தரவு வந்தது. தலைவி அன்றைக்கே நகர்மன்றத்தைக் கூட்டினாள். தலைவிக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, அதன் வழியே பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலும் குழியும் தெரியும். பார்வையாளர் பெஞ்சில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளை, மடியில் பேத்தி.

"ஆஸ்பத்திரி வாசல் குழியை மூடணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன்," என்றாள் தலைவி.

மன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூடினா அந்த விளக்கு?" என்றார் மருந்துக்கடைக்காரரின் தம்பி. அவரும் உறுப்பினர்தான்.

"குழி இல்லாத இடத்துல விளக்கு எதுக்குன்னு கழட்டிடுவாங்க," என்றார் பொறியாளர். "காவலாளி வேலையும் போயிடும்."

"உங்க தெருவுக்குக் குழி கிடைச்சிடுச்சு, வேணாம்னு சொல்றீங்க," என்று மேலத்தெரு அம்மாள் குமுறினாள். "எங்க தெரு இருட்டுக்கசமா கிடக்கு. எங்களுக்கு எப்ப ஒரு குழி தருவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல!"

"கீழத்தெருவுக்கும் ஒண்ணு!" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "எங்களுக்கும்! எங்க பையனும் வேலையில்லாமத்தான் இருக்கான்!"

தலைவி மேசையைத் தட்டி அடக்கினாள். "மூடலாம் என்போர் ஆம் என்க," என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் மட்டும் சொன்னால்கூடப் போதும், பதிவாகும், டீச்சர் முகத்தில் விழிக்கலாம். வாயைத் திறந்தாள். திறந்தவள் கண்ணில் மாப்பிள்ளை பட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை பாவம். பேத்தியைத் தட்டிக்கொடுத்தபடி, வேண்டாம் அத்தை என்று மெல்லத் தலையை மட்டும் ஆட்டினார்.

"தலையை ஆட்டாதீங்க மாப்பிள்ளை," என்றாள் தலைவி. "ஆட்டினா அது கருத்து."

மாப்பிள்ளை சட்டென்று அசையாமல் உட்கார்ந்தார். பெஞ்சில் எல்லாருமே அப்படியே உட்கார்ந்தார்கள்.

"இல்லை என்போர்?"

கட்டடம் ஆடியது. அந்தச் சத்தத்தையும் மீறி வெளியே ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து குழியோரம் நின்றது. யாரோ கதவைத் திறந்தார்கள். "பார்த்து, பார்த்து, டீச்சர், கையைப் பிடிச்சுக்குங்க!" என்று ஒரு குரல்.

தலைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் அந்த ஜன்னலைச் சாத்துங்க," என்றாள். "தீர்மானத்தைப் படிக்கணும்."