மதுராவின் நிலைப்பாடுகளும் என் மொழிபெயர்ப்பும்

சனிக்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலை. கவுன்சில் தேர்தலில் நிற்கும் மதுராவோடு கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு தெருவுக்குப் போய், அவள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மதுரா என் நண்பனின் மகள். லண்டனில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். வீட்டில் அவளுக்குக் கிடைத்த தமிழ் மூன்றே சொல்: சாப்பிடு, படி, படு. இதை வைத்துக்கொண்டு வாக்குக் கேட்க முடியாது.

போன தேர்தலில் மயிரிழையில் தோற்றவள்.

"அங்கிள், இந்தத் தெரு முழுக்க எங்கள் ஆட்கள். இவர்கள் போட்டால் வெல்லுவேன், போடாவிட்டால் திரும்பவும் தோல்விதான்" என்றாள், ஆங்கிலத்தில்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை, நான் இருக்கிறன்" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. ஊரில் பல வருடம் தினசரிப் பத்திரிகையில் இருந்தவன் நான். அமைச்சர் மேசையில் அடித்துக் கத்தினால் 'வலியுறுத்தினார்' என்று எழுதிய கை இது. கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் எழும்பி ஓடினால், 'சந்திப்பு சுமுகமாக நிறைவுற்றது'. அரசியல்வாதியின் வாயில் வருவதை அப்படியே வெளியே விடக்கூடாது என்பது எனக்கு இரத்தத்தில் ஊறிய பாடம்.

ஆனால் மதுராவிடம் நிலைப்பாடுகள் இருந்தன. உண்மையான நிலைப்பாடுகள்!

முதல் வீடு கனகரத்தினம் அண்ணையுடையது. பென்சன் எடுக்கிறவர். வாசலில் இரண்டு கார், நடைபாதையில் பாதி ஏறியபடி மூன்றாவது.

"தம்பி, மூண்டு காருக்கும் பார்க்கிங் பேர்மிட் எண்டு கவுன்சில்காரர் சுளையாக் காசு வாங்கிறாங்கள். பிள்ளை வந்தா இதைக் குறைப்பாவோ?"

கேள்வியை நான் அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மதுரா சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னாள்: "குறைக்க மாட்டேன். மூன்றாவது காருக்குக் கட்டணத்தைக் கூட்டவேண்டும் என்பதுதான் என் கொள்கை. உங்கள் கார் நடைபாதையில் நிற்கிறது, அதுவும் பிழை."

வாக்குக் கேட்க வந்த வீட்டு வாசலில் நின்று சொல்லுகிற கதையா இது!

"என்ன சொல்லுறா?" என்றார் அண்ணை. அவருடைய ஒரு புருவம் மேலே போயிருந்தது. வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

"உங்கட மூண்டு காரைப் பற்றியும் பிள்ளை ஆழமா யோசிச்சு வைச்சிருக்கிறா, அண்ணை. மூண்டாவதில தனி அக்கறை."

"அப்பிடியோ?" என்றார் அவர். "நல்ல பிள்ளை."

பார்த்தீர்களா? ஒரு வீடு முடிந்தது!

எதிர் வீட்டில் செல்வி. மன்னாரிலிருந்து வந்தவர். எல்லா ஞாயிறும் மாதா கோவில், அதன் பங்குச் சபையில் பெரிய கை. எங்களை இருத்தி, கேக் வெட்டித் தந்தார்.

"அண்ணை, அம்மாவைச் சக்கர நாற்காலியில கொண்டுபோக ஏலாமல் கிடக்கு. நடைபாதை முழுக்கக் கார். அதோட மாதா திருநாளுக்குத் தெருவை நாள் முழுக்க மூடித் தரவேணும். தருவாவோ?"

மதுரா சொன்னாள்: "நடைபாதையில் கார் விட்டால் தண்டம், அதில் நான் உறுதி. ஆனால் தெருவை நாள் முழுக்க மூட முடியாது, பஸ் போகிற பாதை. ஊர்வலம் போகிற நேரத்துக்கு மட்டும் மூடலாம்."

முதல் பாதியை அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்குமா? செய்தியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.

"இனி இந்தத் தெருவில ஒரு காரும் நிக்காது, தங்கச்சி. திருநாளுக்கு மூடாத தெரு என்னத்துக்கு எண்டு பிள்ளை கேக்கிறா."

செல்வி கேக்கை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பக்தியில் நெகிழ்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ரவி வீடு. பிரான்சில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து கட்டட வேலை செய்கிறவர். எங்களை நேரே பின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு அறை. கட்டில், குசினி, ஷவர், எல்லாம் உண்டு.

"நானே கட்டினது அண்ணை! வாடகைக்கு விட்டிருக்கிறன்."

சொல்லி வாய் மூடவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஒருவர் பல் தீட்டியபடி வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் பிரஷ்ஷோடேயே வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதுராவின் முகம் கணக்குப் பேப்பர் திருத்துகிற முகமாக மாறியது. "இதற்கு அனுமதி எடுத்தீர்களா? இப்படியான அறைகளில் ஆட்களை வைத்து வாடகை வாங்குவதை நிறுத்துவது என் முதல் வாக்குறுதி. அனுமதி இல்லாவிட்டால் இடிக்க வேண்டி வரும்."

ரவி என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைக்கு உங்கட அறை மனசில ஆழமாப் பதிஞ்சுபோச்சு, ரவி. கவுன்சிலுக்குப் போன உடனே இதைப் பற்றித்தான் முதல் கதைக்கிறதெண்டு சொல்லுறா."

யோசித்துப் பாருங்கள், இதில் ஒரு சொல்லாவது பொய்யா? எனக்கே என்னில் மரியாதை வந்துவிட்டது!

அந்த மரியாதையோடு வெளியே வந்தேன். வாசல் படலையடியில் கனகரத்தினம் அண்ணையும் செல்வியும் சேர்ந்து நின்றார்கள். பின்னால் ரவியும் வந்துவிட்டார்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் அண்ணை. "என்ர மூண்டாவது காரில தனி அக்கறை எண்டியள். செல்விக்கு, தெருவில காரே நிக்காது எண்டியளாம். அப்ப என்ர காரை எங்க விடுறது? ரவியின்ர அறைக்குள்ளயோ?"

பத்திரிகையில் இப்படி வந்தால் மறுநாள் எட்டாம் பக்கத்தின் அடியில் ஒரு திருத்தம் போட்டுவிட்டுத் தப்பிவிடலாம். தெருவில் எட்டாம் பக்கம் இல்லை.

"அது வந்து அண்ணை... பிள்ளை இங்கிலீசில சொன்னது உங்களுக்கு விளங்காமல்..."

"ஆருக்கு விளங்காமல்?" என்றார் அண்ணை. "நான் லண்டனில முப்பது வருசம் பஸ் ஓட்டினனான். பயணியளோட நான் என்ன தேவாரத்திலயோ சண்டை பிடிச்சனான்? பிள்ளை சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. நீங்கள் சொன்னதுதான் விளங்கேல்லை."

நான் ரவியைப் பார்த்தேன். பிரான்சுக்காரர், அவராவது காப்பாற்றுவார்.

"எனக்கு இங்கிலீசு குறைவுதான் அண்ணை" என்றார் ரவி. "ஆனா 'டிமாலிஷ்' எண்டா விளங்கும். நான் கட்டட வேலைக்காரன்."

கடைசியாகச் செல்வியைப் பார்த்தேன்.

"நான் ஆஸ்பத்திரியில மொழிபெயர்ப்பாளர், அண்ணை" என்றார் அவர். "உங்களை மாதிரி நான் மொழிபெயர்த்தா ஆக்கள் செத்துப்போவினம்."

"பிறகேன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?"

"நல்ல பகிடியா இருந்தது. நிப்பாட்ட மனம் வரேல்லை."

இவ்வளவு நேரமும் மதுரா என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், நீங்கள் இவர்களுக்கு என்ன சொன்னீர்கள்?"

செல்வி முந்திக்கொண்டார். நான் சொன்னதை வரிக்கு வரி, ஏற்ற இறக்கத்தோடு ஆங்கிலத்தில் சொன்னார். என் கை ஆட்டத்தைக்கூட விடவில்லை. என் வாழ்நாளில் என்னை இவ்வளவு துல்லியமாக யாரும் மொழிபெயர்த்ததில்லை.

மதுரா வெளிறிப்போனாள். தெரு போய்விட்டது, தேர்தலும் போய்விட்டது என்று அவள் நினைத்தது தெரிந்தது. ஆனாலும் அண்ணை பக்கம் திரும்பி, "மன்னிக்கவும். ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். மூன்றாவது காருக்குக் கட்டணம் கூடும்" என்றாள்.

அடிப்பாவி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணை சிரித்தார். "வாக்குக் கேட்டு வாற எல்லாரும் என்ர வாசல்ல நிண்டு ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டுப் போவினம். போனமுறை அதாலதான் நாங்கள் ஒருத்தரும் ஓட்டுப் போடப் போகேல்லை. ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொன்ன முதல் ஆள் நீதான் பிள்ளை. எனக்குக் கோவம்தான். ஆனா போடுவன்."

"நானும்" என்றார் செல்வி. "ஊர்வல நேரத்துக்கு மூடினாக் காணும். அம்மாவும் போடுவா."

"நான் போடமாட்டன்" என்றார் ரவி. "ஆனா அனுமதி எடுக்கிறது எப்பிடியெண்டு தங்கச்சி சொன்னா யோசிப்பன்."

மதுரா அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தாள். செல்வி மொழிபெயர்த்தார். ரவி இரண்டு இடத்தில் முகம் சுளித்தார். சரியான மொழிபெயர்ப்பு என்று அதிலிருந்தே தெரிந்தது.

அண்ணை என் தோளில் கை போட்டார். "ஆனா ஒண்டு தம்பி, நீங்கள் எலெக்சனில நிண்டா சொல்லுங்கோ. குடும்பத்தோட வந்து எதிராப் போடுறம்."

மதுரா வென்றாள், இந்தமுறையும் மயிரிழையில்தான். அடுத்த தெருக்களுக்கெல்லாம் அவளோடு போனது செல்வி. எனக்குத் துண்டுப்பிரசுரத்தைத் தபால் துவாரத்துக்குள் போடும் வேலை கிடைத்தது. கதவு திறந்தால் வாயைத் திறக்காமல் ஓடிவிட வேண்டும் என்பது மதுராவின் நிலைப்பாடு.

அதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எனக்கு அப்படியே விளங்கியது.