பச்சையப்பன் இளைத்த கதை

பூந்தமல்லியில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் 'சாப்ட்டியா' என்று கேட்பதில்லை. 'எவ்ளோ எறங்கிச்சு' என்றுதான் கேட்கிறார்கள். இறங்குவது எடை. இறக்குவது ஊசி. ஊசியை அனுப்புவது போனுக்குள் உட்கார்ந்திருக்கும் டாக்டர். அவர் நாடி பிடிக்க மாட்டார், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார். நாலு கேள்வி கேட்பார். அவரவர் உடம்புக்கென்றே தனியாகக் கலந்த மருந்து மூன்றாம் நாள் வாசலுக்கு வந்துவிடும்.

இப்படி ஊசி அனுப்பும் கம்பெனிகள் ஏழெட்டு. எதைப் பிடிப்பது என்று ரேஷன் கடை வரிசையில் மாநாடே நடந்தது. ஒரு கம்பெனி குடை தந்தது. ஒன்று சில்வர் டப்பா தந்தது. 'தளிர்மேனி' கண்ணாடித் தராசு தந்தது. தளிர்மேனி ஜெயித்தது. மருந்தைக் கலப்பது யார், எந்த ஊரில், அந்த டாக்டரின் பதிவு எண் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. தராசு பளபளவென்று இருக்கிறதே, போதாதா?

வேம்புலிக்குப் போதவில்லை. நசரத்பேட்டை லாரி எடை மேடையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். மணலில் தண்ணீர் ஊற்றி எடை ஏற்றுகிறவனையும், லோடுக்கு அடியில் கிளீனரைப் படுக்க வைக்கிறவனையும் பார்த்துப் பார்த்து, யார் எடை சொன்னாலும் இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

அவர் மனைவி பொன்னியம்மா வாங்கிய தராசில் எண்ணே கிடையாது. ஏறி நின்றால் எண் போனில் வரும். தினம் ஊசி குத்தியதும் போனில் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். முக்கியமான விதி: வேறு தராசில் ஏறினால் மருந்தின் சக்தி முறிந்துவிடும். மலைக்கு மாலை போட்டவன் சாராயக் கடையைத் திரும்பிப் பார்க்காத மாதிரி, பொன்னியம்மா வேறு தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒம்போது கிலோ எறங்கிட்டேன்யா."

"எறங்கினது எங்கமே போச்சு? ஜாக்கெட் கொக்கி அதே எடத்துல முக்கிக்கினு கீது."

"கண்ணு வைக்காத. கொழுப்பு உள்ளார கரைஞ்சுகினு கீதாம். வெளிய தெரிய நாளாவுமாம்."

அதையும் வேம்புலி விட்டிருப்பார். ஆனால் போன் டாக்டர், அவள் சுகாதார நிலையத்தில் வாங்கும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஊசியும் மாத்திரையும் வயிற்றுக்குள் சண்டை போடுமாம். இப்போது அவளுக்குக் கண் மங்குகிறது. துணி காயப்போடப் போனவள் மாடியிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் சோதித்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. அவள் அக்காவுக்கு இப்படி ஆரம்பித்துத்தான் ஒரு காலை எடுத்தார்கள்.

"மாத்திரையப் போடுமே. காலு போய்டும்மே."

"அவரு டாக்டருய்யா. நீ அஞ்சாவது ஃபெயிலு."

வேம்புலி முப்பது வருடத்தில் அவளைப் பேச்சில் ஜெயித்ததில்லை. தராசைத் தராசால்தான் ஜெயிக்க வேண்டும்.

ஒரு செட் வாங்கியவர்களுக்கு இரண்டாவது செட் பாதி விலை. வாங்கினார். பெயர்: பச்சையப்பன். வயது: ஐம்பத்திரண்டு. எடை: எண்பது கிலோ. பச்சையப்பன் வேறு யாருமில்லை. எடை மேடையைச் சரிபார்க்க வைத்திருக்கும் நாலு இரும்புப் படிக்கற்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோ, ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரை.

கற்களைக் கண்ணாடித் தராசில் அடுக்கினார். போனில் சரியாக எண்பது. 'டாக்டர் சரண் பேசுறேன்' என்று ஒரு குரல் கூப்பிட்டது.

"பசி எப்படிங்க ஐயா?"

"பசின்னா இன்னான்னே தெரியாது சார்."

"நடக்கிறீங்களா?"

"வச்ச எடத்துலருந்து ஒரு அடி நவுர்றதில்ல."

"மெட்டபாலிசம் ரொம்ப ஸ்லோ. சர்க்கரை மாத்திரை எதுனா இருந்தா நிறுத்திடுங்க."

ஊசி மருந்து எடை மேடை ஜன்னலில் வெயில் காய்ந்தது. வேம்புலி பச்சைப் பொத்தானை மட்டும் காலையும் மாலையும் அமுக்கினார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் கிட்டத்தட்ட முந்நூறு கிராம் குறைந்தது. மூன்று வாரத்தில் பச்சையப்பன் பன்னிரண்டரை கிலோ இளைத்துவிட்டான். வடை தின்னாதவன், பொறாமை இல்லாதவன், இளைக்க மாட்டானா?

கம்பெனியிலிருந்து போன் வந்தது. வட்டாரத்திலேயே அதிகம் இளைத்தவர் அவர்தானாம். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கம் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் முதலாளி ஜெகதீசன். கோட்டின் பொத்தான் தொப்பையைத் தாண்ட முடியாமல் திணறியது. இவர் ஏன் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கவா வந்தார்கள்?

"சாதனையாளர் பச்சையப்பன் அவர்களே, மேடைக்கு வாங்க!"

வேம்புலியின் சிநேகிதர் முகமது ஆசிக் தன் குட்டியானை மினி லாரியிலிருந்து நாலு கற்களையும், கண்ணாடித் தராசையும், அரிசி மண்டித் தராசு ஒன்றையும் இறக்கி மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா இது?" என்றார் ஜெகதீசன்.

"இவருதான் பச்சையப்பன். மாலை போடு," என்றார் கூடவே ஏறிய வேம்புலி.

வேம்புலி கற்களை முதலில் கண்ணாடித் தராசில் வைத்துப் போனைத் தூக்கிக் காட்டினார். அறுபத்தேழரை. பிறகு மண்டித் தராசில் வைத்தார். எண்பது.

"ஊசி வந்து ஜன்னல்ல கீது. பொத்தான் மட்டும்தான் அமுக்கினேன். இரும்பு எளைச்சுடுச்சு!"

"அது... டெக்னிக்கல் எரர்," என்ற ஜெகதீசனின் கால் மட்டும் சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்தது. அங்கே அனுசுயா நின்றிருந்தாள். தெருவில் பதினேழு பேரைச் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

"எங்க ஓடுற? மருந்த யாரு கலக்குறது? எங்க கலக்குறது? டாக்டர் நம்பர் இன்னா?"

நல்ல கேள்விகள். மூன்று மாதம் லேட்.

பொன்னியம்மா மேடையேறி மண்டித் தராசில் நின்றாள். பழைய எடைக்கு மேல் ஒரு கிலோ. மெதுவாக இறங்கினாள்.

"மாத்திரை எட்தாந்துகிறியாய்யா?"

வேம்புலியின் சட்டைப் பையில் இருந்தது. தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். அவள் விழுங்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

கூட்டத்தில் ஒரு பெண் கை தூக்கினாள். "அப்போ அண்ணாத்தே, குடை குடுக்கிறானே அந்தக் கம்பெனி, அது நல்லதா?"

வேம்புலி குனிந்து படிக்கல்லைத் தட்டினார்.

"எளைச்சுட்டன்னு சொன்னாங்க, இது சரின்னு குந்திகினு கீது. ஏன்னு கேக்க இதுக்கு மண்டை இல்ல. உனக்குக் கீதேம்மா?"